சீட்டில் கிடந்த ஈரத் துண்டு

அண்ணே,

இன்று மத்தியானம் செஞ்சியில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். பின்னால் ஜன்னல் ஓரம் காலியாக இருந்த சீட்டில் ஒரு ஈரத் துண்டு கிடந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைத்த துண்டு. மஞ்சளும் கற்பூரமும் வியர்வையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த அம்மா ஒருவர், "ஏறுங்க மேடம், வெயில் கொளுத்துது" என்று முதுகைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

"யார் துண்டு மேடம் அது?" என்று புது டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் போன பிறகு இந்த ஊர்ப் பக்கமே வராமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். செஞ்சி ட்ரிப் என்றால் தலைவலி, காய்ச்சல், நாத்தனார் வீட்டு விசேஷம் என்று ஏதாவது ஒரு சாக்கு. பிறந்த ஊருக்கு ஆள் கூட்டிப் போக மாட்டேன் என்கிற கைடு உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாரும் கிடைக்கவில்லை, மாட்டிக்கொண்டேன். இன்று அமாவாசை என்பதே திண்டிவனம் தாண்டி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

உங்களோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வழியில் வந்திருப்பேன்! தாம்பரத்தில் வெளிச்சம் வருமுன்னே வண்டியைத் துடைத்து நிறுத்தியிருப்பீர்கள். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருக்கும். "சாமியாருக்குத் தெரிஞ்சா திட்ட மாட்டாராண்ணே?" என்று ஒருநாள் சீண்டினேன். "வண்டிக்கு உள்ள மாதா பாத்துக்கும் கைடம்மா. டயரு வெளிய கீதே, அத யாரு பாத்துக்கிறது?" என்றீர்கள். நான் சிரித்தேன். அனந்தபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரருக்கு இவ்வளவு வாயா என்று அன்று தாம்பரம் திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

செஞ்சிக் கோட்டை வரை கொண்டுவந்து விடுவதோடு உங்கள் வேலை முடிந்தது. வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு, முன் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவீர்கள். "மலை ஏத்துறதும் உன் வேல, கத சொல்றதும் உன் வேல" என்பீர்கள். கதைகளில் ஒன்று மட்டும் உங்களுக்கு ஆகாது. ராஜகிரி மலை அடிவாரத்தில் பெரிய பாறைமேல் கைதிக் கிணறு இருக்கிறதே, அதன் கதை. தண்டனை பெற்றவர்களை உள்ளே இறக்கிவிட்டுப் போய்விடுவார்களாம், சோறு தண்ணீர் இல்லாமல், தானாகச் சாகும் வரை. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கதைதான் ரொம்பப் பிடிக்கும், நானும் கொஞ்சம் மசாலா தூவித்தான் சொல்வேன். ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "பசியில சாவுறது பெருசு இல்ல கைடம்மா. நம்மளத் தேடிக்கினு ஒருத்தனும் வர மாட்டான்னு தெரிஞ்சிக்கினு உள்ள குந்தினு இருக்கிறது இருக்குதே, அதுதான் கொடும." அதற்குப் பிறகு உங்கள் காதுபட அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தனியாக ட்ரிப் வந்த அந்த அம்மாவின் சம்பவம் அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது. ராஜகிரியிலிருந்து இறங்கி எல்லோரும் வண்டியில் உட்கார்ந்தார்கள். நான் ஒருமுறை தலைகளை எண்ணினேன், நீங்கள் ஒருமுறை எண்ணினீர்கள். கணக்கு சரியாக இருந்தது, கிளம்பினோம். திண்டிவனம் மேம்பாலத்துக்கு அருகில் வந்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு ஆள் எழுந்து, "இங்க நிறுத்துப்பா, எறங்கிக்கிறேன்" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அவன் நம் ஆளே இல்லை. கோட்டை வாசலில் பஸ் கிடைக்காமல் நின்றவன், கதவு திறந்திருந்த வண்டியில் யாரிடமும் கேட்காமல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அவன் தலையையும் சேர்த்துத்தான் நாம் எண்ணியிருக்கிறோம்.

அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பினீர்கள். கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. காவலாளி, "மேல யாரும் இல்லப்பா, நான் பாத்துட்டுதான் பூட்டினேன்" என்று சாதித்தார். அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு, அதுவரை அந்த மலையில் ஒரு படிகூட மிதிக்காத நீங்கள் ஏறத் தொடங்கினீர்கள். நாங்கள் பின்னால் ஓடி வந்தோம். உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின்மேல் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதற்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே காற்று சுகமாக இருக்கிறதே என்று கண் அசந்திருக்கிறார். விழித்தபோது யாரும் இல்லை, இருட்டில் பாலத்தில் கால் வைக்கப் பயம். அவர் அழவில்லை, நம்மைத் திட்டவும் இல்லை. வண்டியில் ஏறிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நம்ம வண்டி லைட் போட்டுக்கிட்டுப் போறது தெரிஞ்சுது. கூப்பிட்டேன்."

அவர் நம்மைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் உங்களுக்கு ஆறியிருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே துண்டுச் சட்டம் வந்துவிட்டது. தாம்பரத்தில் ஏறியதும் ஒவ்வொருவரும் தன் சீட்டில் தன் துண்டையோ கைக்குட்டையையோ போட வேண்டும். இறங்கும்போது அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். திரும்பி வந்து உட்காரும்போது எடுத்துக் கையில் பிடிக்க வேண்டும். துண்டு கிடந்து ஆள் இல்லாத சீட் இருந்தால், அந்த ஆள் இன்னும் மலைமேல் இருக்கிறார் என்று அர்த்தம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்துப் பழகிய நம் ஜனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? உடனே பிடித்துக்கொண்டார்கள். கையில் எதுவும் இல்லாமல் வரும் இளவட்டங்களுக்கு நீங்களே டேஷ்போர்டிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுப்பீர்கள். நான் பழக்கதோஷத்தில் தலையை எண்ணத் தொடங்கினால் அதட்டுவீர்கள்: "தலைய எண்ணாத கைடம்மா. தல ஏமாத்தும். துண்டு ஏமாத்தாது."

நான் அதை நம்பினேன், அண்ணே. நீங்கள் என்னைவிட அதிகமாக நம்பினீர்கள்.

ஆவணி அமாவாசை அன்று காலையிலிருந்தே எதுவும் சரியாக அமையவில்லை. தாம்பரத்தில் ஒரு ஆள் வரவில்லை. போன் செய்தால், "லேட்டாயிடுச்சு மேடம், நீங்க போங்க, நான் பஸ் புடிச்சு நேரா செஞ்சிக்கு வந்து சேர்ந்துக்கறேன்" என்றான். அதற்குப் பிறகு போன் சுவிட்ச் ஆஃப். திண்டிவனத்திலிருந்தே மேல்மலையனூர் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது. கோட்டைக்கு வந்து சேரவே நேரமாகிவிட்டதால், அந்த அம்மா சம்பவத்துக்குப் பிறகு காலையிலேயே ஏறி இறங்கிவிடும் ராஜகிரியை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டுச் சின்ன மலையான கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனேன். "வழக்கத்த மாத்துற" என்று முனகினீர்கள். உங்களுக்கு எதற்கெடுத்தாலும் சகுனம் என்று நான் எரிந்து விழுந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டோம். நீங்கள் பாதி இலையிலேயே எழுந்துவிட்டீர்கள். "புளிக்கொழம்பு ஒத்துக்கல, நெஞ்சு கரிக்குது" என்று ஒரு சோடா குடித்தீர்கள். வெளியே மஞ்சள் புடவைகளும் வேப்பிலையும் பம்பைச் சத்தமுமாகத் தெருவே நிறைந்திருந்தது. வெயிலுக்காக ஜன்னல்களைத் திறந்துவைத்த நம் வண்டி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விட மாட்டார்கள் என்ற அவசரத்தில் எல்லோரையும் விரட்டி ஏற்றினேன். வராத ஆளின் சீட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது வானம் கெட்டுவிட்டது. மேகம் மலைக்குப் பின்னாலிருந்து வந்ததால் மேலே இருந்தவரை எங்களுக்குத் தெரியவில்லை. பாதி இறங்கித் திரும்பிப் பார்த்தால் உச்சி கறுத்துக் கிடக்கிறது. வழியெல்லாம் பையைப் பிடுங்கிக்கொண்டிருந்த குரங்குகளில் ஒன்றைக்கூடக் காணோம். கடைசி ஆளையும் எனக்கு முன்னால் விட்டுத்தான் இறங்கினேன், காவலாளியும் கூடவே வந்தார். எல்லோரும் வண்டியில் உட்கார்ந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "போலாம்ணே" என்றேன்.

நீங்கள் வழக்கம்போலப் பின் சீட் வரை நடந்தீர்கள். அங்கே நின்றுவிட்டீர்கள்.

"இது யாரு துண்டு?"

ஜன்னல் ஓரத்தில் மஞ்சள் துண்டு, பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் கிடந்தது. எல்லோரும் தங்கள் துண்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

"யாருதும் இல்லண்ணே. நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்க, பாருங்க" என்றேன்.

"இருக்கிறவன் எப்படி என்னுதுன்னு சொல்லுவான்? இல்லாதவன் துண்டுதான இது."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் அந்த வங்கி அம்மாதான் இருந்தார்.

"பஸ்ஸுல வரேன்னானே, அவன் சீட்டு இது" என்றீர்கள். "நாம துன்னுனு இருக்கசொல்ல வந்து துண்டப் போட்டுட்டு, டீ கீ குடிக்கப் போயிருப்பான். நாம வண்டிய எடுத்துட்டோம். பின்னாடியே வந்து மல ஏறிட்டான்."

மறுபடியும் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். காவலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மேல ஒரு ஈ காக்கா இல்லப்பா. பாலம் வரிக்கும் பாத்துட்டுதான் வரேன்."

"அன்னிக்கும் நீ இதத்தான சொன்ன?" என்றீர்கள்.

"எனக்கு எக்மோர்ல ட்ரெயின் இருக்குங்க" என்றார் ஒருவர். "ட்ரெயினு நாளைக்கும் வரும் சார்" என்று அவர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். நானும் வருகிறேன் என்று இறங்கினேன். என்னைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தீர்கள். "நீ கீழ இரு. ஹாரன் அடிச்சிக்கினே இரு. வண்டி போவலன்னு மேல கீறவனுக்குத் தெரியணும். துண்ட அவன் கையிலயே குடுத்துட்டுக் கூட்டியாந்துடறேன்."

நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நெஞ்சைத் தடவிக்கொண்டே நடந்தீர்கள். நான் அதைப் பார்த்தேன். புளிக்குழம்பு என்றுதான் நினைத்தேன்.

முதல் மின்னலோடு மழை இறங்கிவிட்டது. காவலாளி உங்கள் பின்னால் ஓடினார். நான் ஹாரனை அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. மின்னல் வெட்டும்போது மட்டும் உச்சி வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. பின் சீட்டில் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது.

காவலாளி தனியாகத்தான் இறங்கி வந்தார். நடு வாசலுக்கு மேல் படியெல்லாம் தண்ணீர், ஏற முடியவில்லை, நீங்கள் மட்டும் நிற்காமல் போனீர்கள் என்றார். ஒதுங்கி நின்றபோது மேலே உங்கள் குரல் கேட்டதாம். "பயப்படாதீங்க. வண்டி நிக்குது. மெல்ல வாங்க" என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தீர்களாம்.

"பதில் கேட்டுதா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மழம்மா. என்னா கேக்கும்?" என்றார்.

மழை விட்ட பிறகு ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஏறினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்களாம். துண்டு மடித்தபடி மடியில் இருந்ததாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கோட்டை முழுக்கத் தேடியும் யாரும் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள், தாம்பரத்தில் வராத அந்த ஆள் போன் செய்தான். "ஸாரி மேடம், பஸ்ஸே ஏறல. போன்ல சார்ஜ் இல்ல. என் சீட்ட அடுத்த வாரத்துக்கு மாத்திக்கலாமா?" நான் எதுவும் பேசாமல் வைத்துவிட்டேன். பேசியிருந்தால் அவன் காது தாங்கியிருக்காது.

உங்கள் வீட்டில் எல்லாம் முடிந்து கிளம்பும்போது உங்கள் வீட்டுக்காரம்மா அந்தத் துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். "இது எங்க ஊட்டுத் துண்டு இல்லம்மா. யாருதுன்னு தெரியாதத நான் ஊட்டுல வெக்க மாட்டேன், தூக்கியும் போட மாட்டேன். நீயே எடுத்தும்போ." அன்றிலிருந்து அது என் பையில்தான் இருக்கிறது. எத்தனை தடவை துவைத்தும் மஞ்சள் போகவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம், அண்ணே. இன்றுவரை ஆறவில்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற மனுஷன், ஒரு துணித்துண்டை மட்டும் எப்படிச் சந்தேகப்படாமல் நம்பினீர்கள்?

இன்று மத்தியானத்துக்கு வருகிறேன். யார் துண்டு என்று டிரைவர் கேட்டு, யாரும் பதில் சொல்லாமல், நான் நிற்கும்போது வெளியே ஒரு கூச்சல். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "தே, வண்டிய எடுத்துடாதீங்க! எடம் புடிச்சி வெச்சிக்கிறேன்!" என்று படியில் காலை வைத்துவிட்டாள்.

"எங்கம்மா போவணும்?" என்றான் டிரைவர்.

"மலையனூருதான். இது ஸ்பெஷல் பஸ்ஸு இல்ல?"

"இது டூரிஸ்ட் வண்டி."

"அய்ய, பஸ்ஸு மாரியே நிக்குது பாரு" என்று சிரித்துக்கொண்டே துண்டை ஜன்னல் வழியாக உருவிக்கொண்டு அடுத்த பஸ்ஸை நோக்கி ஓடினாள். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அன்று பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவர் அப்போதே சொன்னார், நான் நம்பவில்லை. இன்று கண்ணால் பார்த்துவிட்டேன். அன்றைக்குத் துண்டை வீசியவருக்கு அதற்குள் வேறு பஸ் வந்திருக்கும், துண்டு போனால் போகிறது என்று ஏறியிருப்பார். அவர் மட்டும் இப்படி ஓடி வந்திருந்தால் நீங்கள் இன்று எனக்கு முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அழுகை வந்தது. மைக்கை எடுத்து, அடுத்து நாம் பார்க்கப்போவது கிருஷ்ணகிரி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கு முன்பு, காலையிலேயே ராஜகிரி ஏறிவிட்டேன், அண்ணே. பாலத்துக்கு முன்னால் அந்தச் சுவர்ப் பக்கம் ஒருவர் இளைப்பாற உட்காரப் போனார். "அங்க வேணாம் சார், தள்ளி உட்காருங்க" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். கைதிக் கிணற்றைத் தூரத்திலிருந்து காட்டியதோடு சரி, கதை சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். உங்கள் சட்டத்தை நான் எந்த ட்ரிப்பிலும் விட்டதில்லை. எல்லோர் கையிலும் துண்டு இருந்தது. என் பையிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்துப் பின்னால் அந்தக் காலி சீட்டில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். ராஜகிரி உச்சியில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா மேடம்? எடுக்கட்டுமா?" என்றான் டிரைவர்.

வந்தாச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீளமா ஒரு ஹாரன் அடிப்பா" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடித்தான். மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். பிறகு கிளம்பினோம்.

தாம்பரத்தில் எல்லோரும் அவரவர் துண்டோடு இறங்கிப் போனார்கள். தலைக்கணக்கு சரியாக இருந்தது. ஒரு துண்டு மட்டும் சீட்டிலேயே கிடந்தது. அதை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டேன். துண்டு கிடந்து ஆள் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான், அண்ணே. நம் ஆள் ஒருவர் இன்னும் மலைமேல் இருக்கிறார்.